படத்தில் இருந்த பால்

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதத்தில் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது புஷ்பவதி பதினோராம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கின காற்று அன்றைக்குப் பனிமூட்டத்தைக் கலைத்துவிட்டிருந்ததால், கீழே பிள்ளைக்காம்பரா வாசலில் நடப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற தகரக் கூரைக் கட்டடம் அது. இருபத்திரண்டு பிள்ளைகளையும் இரண்டு வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு டம்ளரைக் கையில் கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் ஓரமாக நின்றது அவளுடைய மகள் தெய்வானை. மூன்று வயது. பின்னால் ஐந்து மரப்பெட்டிகள், அவற்றின் பக்கத்தில் வெள்ளைக் காற்சட்டையோடு பெரிய கிளாக்கர் ஞானசீலன். எதிரே, நெஞ்சில் தொங்கிய காமிராவுக்குள் தலை குனிந்து பார்த்தபடி உபதேசியார் மாசிலாமணி.

"அந்த ஐயா என்னாடி, நின்னுக்கிட்டே ஜெபம் பண்றாரு?" என்று பக்கத்து நிரையிலிருந்து இலட்சுமி கேட்டாள்.

"காமிரா அக்கா. மேலேருந்து குனிஞ்சுதான் பாக்கணுமாம்."

"நமக்கு ஜெபம் மாதிரித்தான் தெரியுது."

உபதேசியாருக்கும் அது ஜெபம் மாதிரித்தான். மாத்தளையில் மிஷன் வீட்டுக்குப் பின்புறம் ஒரு சின்ன இருட்டறையில் படம் கழுவுவார். மாதத்துக்கு ஒரு தரம் ரத்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் வந்து, கொக்கோத் தோட்டமும் ஏலக்காய்க் காடும் தாண்டி நாலு மைல்கட்டை தூரம் மேலே நடந்து வருவார். இந்தியாவுக்குப் போகப் பேர் கொடுத்தவர்களுக்குப் பாஸ்போட் படம் எடுத்துக் கொடுப்பார். கல்யாணம், சடங்கு, சாவு எதுவானாலும் கூப்பிட்டால் மறுக்க மாட்டார். கைநீட்டி ஒரு சதம் வாங்கினதில்லை. சாமி கும்பிடுகிறவர்கள், வேதக்காரர்கள் என்று பேதமும் பார்த்ததில்லை. "ஒரு மனுசனுக்கு அவன் மொகத்த அவன் கையில குடுக்கிறதும் ஊழியந்தாம்மா" என்பார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் இருந்த ஒரே படம் அவர் எடுத்ததுதான்.

எலும்பு தெரிகிற தோட்டத்துப் பிள்ளைகளை அவர் எடுத்த சில படங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போயின. அதைப் பார்த்து யாரோ மனமிரங்கிப் பால்மா அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஐந்து பெட்டி. பகிர்ந்து கொடுக்கிற பொறுப்பு பெரிய கிளாக்கருக்கு. அவர் மாத்தளைச் சபையில் மூப்பர், ஞாயிறுதோறும் முதல் வரிசை வாங்கில் உட்கார்கிறவர். பால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி உபதேசியாரின் படம். அதைத்தான் அன்றைக்கு எடுத்தார்கள்.

அந்தி சாயக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் புஷ்பவதி பிள்ளையைக் கூப்பிடப் போனாள்.

"பாலு குடிச்சியா ராசாத்தி?"

"இல்ல."

"டம்ளரு வச்சிருந்தியே?"

"மாமா வாங்கிக்கிச்சு."

பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சூடா ஊத்துனா கொட்டிக்கும், படம் எடுத்தப்புறம் குடுப்பம்னு கிளாக்கரய்யா சொன்னாரு. உபதேசியாரு போனதும் பெட்டிய அவரு வீட்டுக்கு ஏத்திட்டாங்க. நான் என்னாத்தச் சொல்ல? நான் சொன்னன்னு வெளிய சொல்லிறாத புள்ள."

புஷ்பவதி சொல்லவில்லை. இலட்சுமி சொல்லவில்லை. இருபத்திரண்டு தாய்மாரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று சொல்கிறது கிளாக்கர். வாயைத் திறந்தவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்த வருஷத்தில் ஒரு நாள் வேலை போவதென்றால் என்னவென்று மலைநாட்டில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

கூப்பன் அரிசி பாதியாகி, பிறகு அதிலும் பாதியாயிற்று. மாவு கடைக்கு வந்த அன்றே தீர்ந்துபோகும். மழையும் பொய்த்துக் கொழுந்து இல்லாமல், வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. லயத்துக் கோடியில் இருந்த மரவள்ளியைத் தோண்டித் தின்று முடித்தார்கள். பலாக்கொட்டையைச் சுட்டார்கள். ஈரப்பலாவைப் பிஞ்சிலேயே பறித்து அவித்தார்கள். அதுவும் முடிந்தபோது ஓடைக்கரைக் கீரையை உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலைக்கு ஏறினார்கள். மாத்தளைப் பஸ் நிலையத்தில் தோட்டத்துச் சனம் கையேந்தி நிற்பதாகச் செய்தி வந்தது. அவர்களில் இரண்டு பேர் இந்தத் தோட்டத்து ஆட்கள்.

தெய்வானைக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. "கொழுக்குது புள்ள" என்று புஷ்பவதியின் புருஷன் முத்துவீரன் சந்தோஷப்பட்டான். அவன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், செடியைத் தவிர வேறொன்றும் அவனுக்குத் தெரியாது. வைகாசியில் வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் காலையில் பிள்ளைக்குக் கண் சொருகியபோது, புஷ்பவதி அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளாக்கர் வீட்டு வாசலுக்கு ஓடினாள். முத்துவீரன் பின்னால் ஓடிவந்தான்.

கிளாக்கர் வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ரத்தோட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுங்க. லொறிய ஒருக்கா விடச் சொல்லுங்கையா."

"லொறி கொழுந்துக்கு. நான் நெனச்ச நேரத்துக்கு விடேலாது."

"புள்ள கண்ணு சொருகுதுங்க."

"எல்லாப் புள்ளைக்கும் இப்பிடித்தான் இருக்கு. ரெண்டு நாளைக்குக் கஞ்சி குடு, சரியாயிரும்."

"எந்த அரிசியிலங்க கஞ்சி?" என்று புஷ்பவதி கேட்டாள்.

அவர் திரும்பி உள்ளே போனார். கதவு சாத்துவதற்கு முன்னால் உள்ளே அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருப்பதைப் புஷ்பவதி பார்த்தாள். மூடி திறந்திருந்தது.

தோளில் போட்டுக்கொண்டு நாலு கட்டை தூரம் இறங்கத் தொடங்கினார்கள். இரண்டாம் கட்டை தாண்டி, மிளகுக் கொடி ஏறின முருக்க மரங்களின் ஓரத்தில், முத்துவீரன் நின்றான்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"பாரமா இருக்கு புஷ்பம்" என்றான். அவள் வந்து பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அடக்கம் அன்றைக்கே. அன்று சனிக்கிழமை, உபதேசியார் வருகிற நாள். விஷயம் கேள்விப்பட்டு நேரே லயத்துக்கு வந்தார். தாய்க்கு ஒரு முகம் இருக்கட்டும் என்று, பாயில் கிடந்த பிள்ளையை வெளிச்சத்தில் வைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். அந்தக் காலத்தில் பிலிம் கிடைப்பதே பெரும்பாடு. என்றாலும் ஒன்றுக்கு இரண்டு எடுத்தார். புஷ்பவதி அழவில்லை. லயத்தில் அதைத்தான் எல்லாரும் பேசினார்கள்.

அன்று சாயந்தரம் முத்துவீரன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நாளைக்கு ஞாயிறு, கவ்வாத்து இல்லை. அவள் போய் அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

"சும்மா."

"அவன வெட்டப் போறீங்களா?"

அவன் கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீங்க வெட்டினா அவன் நல்லவனாச் செத்துருவான். கோயில்ல மணி அடிச்சு, பூ வச்சு, நல்ல மனுசன், பாவம்னு பேசிப் பொதைப்பாங்க. நீங்க தூக்குல தொங்குவீங்க. அது எனக்கு வேணாம்."

"பொறவு ஒனக்கு என்னாதான் வேணும்?"

"அவன் உசிரோட இருக்கணும். எல்லாரும் பாக்கணும். கத்திய உள்ள வைங்க."

அவன் வைத்தான்.

ஆனி மாதம் உபதேசியார் வந்தபோது இரண்டு படங்கள் கொண்டுவந்தார். ஒன்று பாயில் கிடந்த பிள்ளை. மற்றது தை மாதத்துப் படத்திலிருந்து தெய்வானையை மட்டும் பெரிதாக்கிக் கழுவினது. உயிரோடு இருந்த முகமும் தாயிடம் இருக்கட்டும் என்று, மூன்று தாள் வீணாக்கி, நாலாவதில் சரியாக எடுத்திருந்தார்.

புஷ்பவதி வாசலில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்பில் டம்ளரை முன்பக்கமாகச் சாய்த்துவிட்டிருந்தது.

"ஐயா, இங்கன வாங்க. இந்த டம்ளருக்குள்ள என்னா இருக்கு?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். டம்ளரின் அடிப்பகுதி பளபளவென்று தெரிந்தது.

"ஒண்ணும் இல்லியேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. "படம் எடுத்தப்புறம் குடுக்கிறதாச் சொன்னாரே."

"குடுக்கல்ல."

"அன்னைக்குக் குடுக்கலியா?"

"அன்னைக்கும் குடுக்கல்ல, அதுக்குப் பொறவும் குடுக்கல்ல. ஒரு சொட்டு, ஒரு புள்ளைக்குக் குடுக்கல்ல."

"நான் வந்தப்பெல்லாம் காலி டின்னக் காட்டினாரும்மா. தீர்ந்துபோச்சுன்னு."

"காலி டின்னு இருந்திச்சு சரி. அதக் காலி பண்ணினது யாருன்னு கேட்டீங்களா?"

உபதேசியார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க யாரும் எனக்குச் சொல்லலியேம்மா."

"சொல்லல்ல. பயந்துகிட்டு இருந்தம். எம் புள்ளைய நானும் சேந்துதான் கொன்னேன், அது எனக்குத் தெரியும். ஆனா ஒங்க படம் பொய் சொல்லிச்சே ஐயா. பாலு குடுத்தாச்சுன்னு ஊரு உலகத்துக்கெல்லாம் சொன்னது ஒங்க படந்தானே? இனிமே அதே காமிரா உண்மையச் சொல்லட்டும்."

"நான் மொதல்ல அவரோட தனியாப் பேசுறேன். மனந்திரும்ப ஒரு தருணம் குடுக்கணும். பழி வாங்கிறது நம்ம வேலையில்ல. பழி தீத்தவங்க யாருக்கும் மனசு ஆறினதில்ல, காலியாத்தான் போகும்."

"எனக்கு இப்ப மாத்திரம் நெறைஞ்சா கெடக்கு?" என்றாள் புஷ்பவதி.

அவள் படத்தின் மேல்பக்கத்தைக் காட்டினாள். பிள்ளையின் தலைக்குப் பின்னால் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. அதில் ஒரு சிலுவையும் அதற்குக் கீழே குறுக்காக இரண்டு கோடும் அச்சடித்திருந்தது. "இந்த அடையாளம் டின்னுலயும் இருக்குமா?"

"இருக்கும். எல்லா டின்னுலயும்."

அதற்கடுத்த வாரம் மாவு வாங்க ரத்தோட்டைக்கு இறங்கினபோது புஷ்பவதி கடை கடையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஸஹாப்தீன் முதலாளியின் தேத்தண்ணிக் கடையில் சீனி போட்டு வைத்திருந்த டின்னில் சிலுவையும் இரண்டு கோடும் இருந்தன. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா தங்கச்சி, பிளேன்டீயா?"

"மொதலாளி, இந்த டின்னு எங்கேருந்து வந்திச்சு?"

"அதா? ஒங்க தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா குடுக்கிறார். தொர பங்களாவுல மிஞ்சினதாம். ஏன் கேக்கிறீங்க?"

அவள் சொன்னாள். தை மாதத்திலிருந்து தொடங்கி முருக்க மரத்தடி வரைக்கும் சொன்னாள். கடையில் இருந்த இரண்டொருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஸஹாப்தீனுக்கு அறுபது வயதிருக்கும். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ். மௌத்தாப் போன புள்ளைட பாலயா நான் இவ்வளவு நாளும் தேத்தண்ணியில ஊத்தி வித்திருக்கிறன்? தெரிஞ்சிருந்தா இந்த ஹராமக் கடைக்குள்ள ஏத்தி இருப்பனா?" அவர் பின்கட்டுக்குப் போய் வந்தார். "உள்ளுக்கு இன்னும் பதினேழு டின் இருக்கு. தூக்கிட்டுப் போங்க. புள்ளைகளுக்குக் குடுங்க."

"இப்ப வேணாம் மொதலாளி. அது அங்கயே இருக்கட்டும். காமிரா கொண்டாறேன். படம் எடுக்க விடுவீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கிளாக்கரைப் பகைத்தால் தோட்டத்து வியாபாரம் போகும். "எடுங்க. நானும் பக்கத்துல நிக்கிறன். யார்ட கையால வந்ததுன்னு எங்க கேட்டாலும் சொல்றன்" என்றார்.

புஷ்பவதி சொல்லியனுப்பி உபதேசியார் வந்தார். கடையின் பின்முற்றத்தில், மதிய வெயிலில், பதினேழு டின்னையும் சிலுவை தெரிகிற மாதிரி அடுக்கி, பக்கத்தில் ஸஹாப்தீனை நிறுத்திப் படம் எடுத்தார். காமிராவுக்குள் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "ஐயாட கழுத்துல ஏதும் பிடிச்சிட்டா?" என்று ஸஹாப்தீன் மெதுவாகக் கேட்டார். எடுத்து முடிந்ததும் டின்களை ஒரு சாக்கில் கட்டி இலட்சுமியின் வீட்டில் வைத்து, வாரக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் உபதேசியார் வரவில்லை. ஆடி போயிற்று. ஆவணி பிறந்தது. புஷ்பவதி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். மிஷன் வீட்டின் பின்புறம் இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மருந்துத் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன்."

"பொறவு ஏன் காட்டல்ல?"

அவர் அவளை வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு எதிரே நின்றார். "இது வெளிய வந்தா என்னா நடக்கும்னு யோசிச்சியாம்மா? எல்லாத் தோட்டத்துக்கும் வாற பால நிப்பாட்டிருவாங்க. எங்க மேல உள்ள நம்பிக்கை போயிரும். என் கையில உள்ள காமிராவ வாங்கிருவாங்க. இன்னும் நூறு பேருக்குப் பாஸ்போட் படம் எடுக்க வேண்டிக் கெடக்கு."

"கிளாக்கரோட பேசினீங்களா?"

"பேசினேன். அழுதார். சின்னப் புள்ளைக இருக்கு, சபையில மானம் போயிரும்னார். இனிமே ஒழுங்காக் குடுக்கிறதாச் சத்தியம் பண்ணினார்."

"எம் பேரச் சொன்னாரா? தெய்வானை பேரச் சொன்னாரா?"

உபதேசியார் யோசித்துப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"அவனுக்காக அழுதிருக்கான். எம் புள்ளைக்காக அழல்ல." புஷ்பவதி எழுந்தாள். "ஐயா, நீங்க நல்லவரு. ஒரு ஏழைக்கிட்டயும் ஒண்ணும் வாங்காம இத்தன வருஷம் எங்க மொகத்த எங்களுக்குக் குடுத்தீங்க. அதுக்கு நாங்க சாகிற வரைக்கும் நன்றி மறக்க மாட்டம். ஆனா கிளாக்கர் மொகத்த யாரு குடுக்கிறது? அதுவும் ஊழியந்தானே?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வாசலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பதினேழு டின்னும் தெரிகிற, ஈரம் காயாத ஒரு படத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"புரட்டாசி கடைசி ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல அறுப்பின் பண்டிகை" என்றார். "கொழும்பிலேருந்து மிஷன் பெரியவங்க வாறாங்க. ஊழியப் படமெல்லாம் மண்டபத்துல மாட்டி வைப்போம். கிளாக்கர்தான் விளக்கஞ் சொல்றவர். நீ வா. தனியா வராத."

அன்றைக்கு ஒன்பது பெண்கள் போனார்கள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டியிருந்தார்கள். கூடைக் கயிறு இழுத்த தழும்பு எல்லார் உச்சந்தலையிலும் இருந்தது. கோயில் முற்றத்தில் வாழைத்தாரும் பூசணியும் நெற்கதிரும் குவிந்துகிடந்தன. இவ்வளவு சாப்பாட்டை ஒரே இடத்தில் பார்த்து ஒரு வருஷமாயிற்று. இலட்சுமி ஒரு கணம் நின்று பார்த்தாள். "நட அக்கா" என்று புஷ்பவதி அவள் முதுகில் கைவைத்தாள்.

மண்டபத்துச் சுவரில் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் தை மாதத்துப் படம், ஒரு முழம் அகலத்துக்குப் பெரிதாக்கி. 'தோட்டத்துச் சிறுவருக்குப் பால்' என்று கீழே எழுதியிருந்தது. கொழும்புப் பெரியவர்கள் மூன்று பேர் அதன் முன்னால் நின்றார்கள். கிளாக்கர் ஒரு பிரம்பை நீட்டி நீட்டி இங்கிலீஷிலும் தமிழிலும் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய இன்னொரு பலகை இருந்தது.

"கிளாக்கரய்யா" என்று புஷ்பவதி கூப்பிட்டாள்.

அவர் திரும்பினார். ஒன்பது பேரையும் பார்த்தார். "இங்க என்னா வேல ஒங்களுக்கு? சாப்பாடு பின்னால குடுப்பாங்க. வெளிய நில்லுங்க."

"சாப்பாட்டுக்கு வரல்லங்க. இந்தப் புள்ளைக பேரச் சொல்லிட்டுப் போக வந்தம். ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க."

"மாசிலாமணி, யாரிது? தண்ணி கிண்ணி போட்டுட்டு…"

"எம் பேரு புஷ்பவதி. நாலாம் நம்பர் லயம். இந்தப் புள்ள பேரு என்னாங்க?" அவள் முன்வரிசையில் முதல் பிள்ளையின் மேல் விரலை வைத்தாள்.

அவர் பேசவில்லை. கொழும்புப் பெரியவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது. நான் சொல்றேன். இது கணபதி மகன் சிவலிங்கம். இருக்கான். இது இலட்சுமி மக பார்வதி. இருக்கா, எந்திரிச்சு நடக்க ஏலாது. இது சின்னப்பொண்ணு மக. மாசியில பொதைச்சம். இது இருக்கு. இது இருக்கு. இவன் பேரு வீரையா, பங்குனியில பொதைச்சம்." விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. இருபத்தோரு பிள்ளைகளையும் சொல்லி முடித்துக் கடைசியில் ஓரத்துப் பிள்ளைக்கு வந்தாள். "இது தெய்வானை. எம் மக. வைகாசியில, ரத்தோட்ட ரோட்டுல, அவ அப்பன் தோள்ல. லொறி கேட்டம். கஞ்சி குடுக்கச் சொன்னீங்க."

"இதெல்லாம் பொய்" என்று கிளாக்கர் பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "சங்கத்துக்காரனுங்க ஏவிவிட்ட வேல. பால் கொடுத்ததுக்குத்தான் படம் இருக்கே!"

"இருக்கு" என்றார் உபதேசியார். போய்த் துணியை இழுத்தார்.

இரண்டு படங்கள். ஒன்றில் பாயில் கிடந்த பிள்ளை. அதன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மற்றதில் தேத்தண்ணிக் கடைப் பின்முற்றத்தில் பதினேழு டின், ஒவ்வொன்றிலும் சிலுவை, பக்கத்தில் ஸஹாப்தீன்.

கொழும்பிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் கிட்டப்போய்ப் பார்த்தார். "இந்தப் படங்கள எடுத்தது யாரு?"

"நான்தான் ஐயா" என்றார் உபதேசியார். "அதையும் நான்தான் எடுத்தேன். இதையும் நான்தான் எடுத்தேன்."

"அந்தக் கடைக்காரர் எங்க இருக்கார்?"

"இந்தா இருக்கிறன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஸஹாப்தீன் கோயிலுக்குள் வரத் தயங்கிச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "தந்தவர் இந்த ஐயாதான். அவர்ட மொகத்துக்கு முன்னாலயே சொல்றன்."

பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த கிளாக்கரின் மனைவி எழுந்தாள். கணவனைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அப்போதுதான் கிளாக்கரின் கையிலிருந்த பிரம்பு கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. புஷ்பவதி அவருடைய முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் நிறம் மாறுவதை, உதடு வற்றுவதை, கண் ஓரிடத்தில் நிற்க முடியாமல் அலைவதை, அவசரப்படாமல், ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தாள்.

மிஷன் அவரை மூப்பர் பதவியிலிருந்து நீக்கியது. தொழிற்சங்கத்துக்காரர்கள் சும்மா விடவில்லை. மூன்று நாள் தோட்டத்தில் யாரும் வேலைக்கு இறங்காமல் இருந்த பிறகு, தோட்டத்துத் துரை அவரை வீட்டைக் காலிபண்ணச் சொன்னார். உபதேசியார் சொன்னதும் நடந்தது. விசாரணை முடியும் வரைக்கும் பால் நின்றது.

"ஒன் கோவத்துக்கு எங்க புள்ளைகட பாலும் போச்சு" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"எந்தப் பால்டி போச்சு?" என்று புஷ்பவதி கேட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் கிளாக்கரின் சாமான்களை ஏற்றிய வாடகை லொறி ரோட்டில் இறங்கியது. பெண்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு மலையில் அங்கங்கே நின்று பார்த்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை, கல்லெடுக்கவில்லை. லொறி ஏழு வளைவு சுற்றி இறங்குகிறவரைக்கும் புஷ்பவதி நின்றாள். கடைசி வளைவில் அது மறைந்த பிறகு நிரை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உபதேசியார் ரோட்டிலிருந்து மேலே ஏறி வந்தார். மழைத் தண்ணீர் வழிந்த குறுக்குப் பாதையில் இரண்டு தரம் வழுக்கி, வேட்டியெல்லாம் சேறு. நெஞ்சில் காமிரா இல்லை.

"வாங்கிட்டாங்களா?"

"ஒப்படைச்சிட்டேன். விசாரண முடிஞ்சதும் தாறதாச் சொல்றாங்க. பாப்பம்." அவர் அவளுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "அவரப் பஸ் ரோட்டடியில கண்டேன். ஒன்கிட்டச் சொல்லச் சொல்லி ஒரு வார்த்த சொல்லிவிட்டார்."

"என்னா?"

"மன்னிச்சிட்டதா நீ ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். வேற ஒண்ணும் வேணாமாம்."

"புள்ள பேரச் சொன்னானா?"

"சொன்னார். தெய்வானைன்னு சொன்னார்."

புஷ்பவதி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "இப்பவாவது தெரிஞ்சிச்சே" என்றாள். பிறகு, "நான் மன்னிக்கல்ல. அப்பிடியே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"மனசு என்னா சொல்லுதும்மா? காலியா இருக்கா?"

"இல்லங்கையா. பொய் சொல்லக் கூடாது. நல்லாத்தான் இருக்கு. புள்ள போனதிலேருந்து இன்னைக்குத்தான் எனக்குப் பசின்னு ஒண்ணு எடுக்குது."

அவள் கூடைக்குப் பக்கத்திலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். அவித்த மரவள்ளி, நாலு துண்டு. இடித்த மிளகாயும் உப்பும். இரண்டு துண்டைத் பலகைபோல் படர்ந்த தேயிலைச் செடியின் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"காலையிலேருந்து சாப்புட்டிருக்க மாட்டீங்க. சாப்புடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை மூடப் போனார்.

"ஜெபம் பண்ணிட்டே சாப்புடுங்க ஐயா, வேணாங்கல்ல" என்றாள் புஷ்பவதி. "ஆனா என் சாப்பாட்டு மேல அந்தக் கிளாக்கர் பேரச் சொல்லாதீங்க."